‘ஃபிர்குன்’ வேதாகமப் பெயரா?

கேள்வி: மகளுக்கு மூன்று மாதம். பெயர் ஆலோசகர் ஒருவர் ‘ஃபிர்குன்’ என்று எழுதிக் கொடுத்தார். ‘பொறாமையில்லாத மனம்’ என்று பொருளாம், வேதாகமத்து எபிரேயச் சொல்லாம். இந்த வாரமே பதியச் சொல்கிறார். பதியலாமா?

பதில்: பொருள் சரிதான். அடுத்தவருக்கு நல்லது நடந்தால் வயிறெரியாமல் மகிழ்வதும், அதை வாய்விட்டுச் சொல்வதும்தான் ஃபிர்குன். வள்ளுவர் சொல்லும் அழுக்காறாமைக்கு ஒரு படி மேலே. ஆனால் வேதாகமத்தில் இந்தச் சொல் கிடையாது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ‘ஃபார்கினென்’ என்றால் பிறர் நலம் பொறுத்தல். அது ஜெர்மானியச் சொல். இஸ்ரேலில் அதன் மெய்யொலிகளை மட்டும் எடுத்து எபிரேய வினை அச்சில் வார்த்து ‘லெஃபர்கேன்’ என்றார்கள். அதன் பெயர்ச்சொல்தான் ஃபிர்குன். இன்றைய அன்றாடப் பேச்சுச் சொல்.

எபிரேய எழுத்தில் எழுதிக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். இத்திஷும் அதே எழுத்தில்தான் எழுதப்படுகிறது. எழுத்தை வைத்துப் பழமையைச் சொல்ல முடியாது. முதல் ஒலியைப் பாருங்கள். பழைய எபிரேயத்தில் தனித்து நிற்கும் சொல் ‘ஃப’வில் தொடங்காது, ‘ப’தான் வரும். பார்வோன் அங்கே ‘பர்ஓ’, பெலிஸ்தர் ‘பெலிஷ்தீம்’.

அதற்காக இத்திஷ் வழியாக வந்ததெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘தக்லெஸ்’ என்றொரு சொல் உண்டு. ‘சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா’ என்பதற்கு இஸ்ரேலில் சொல்வது. அதன் மூலம் ‘தக்லீத்’, எல்லை என்ற பொருளில் யோபு 11:7-இலேயே இருக்கிறது. இத்திஷ் பேசியவர்கள் அந்தக் கடைசித் ‘த்’தை ‘ஸ்’ என்று உச்சரித்தார்கள். அந்த உச்சரிப்போடு சொல் வீடு திரும்பியது. இன்றைய எபிரேயத்தில் இரண்டும் உண்டு: தக்லீத் என்றால் நோக்கம், தக்லெஸ் என்றால் நேரடி விஷயம். ஃபிர்குன் கதை அப்படியல்ல, அதன் வேரே ஜெர்மானியம்.

அப்புறம், அவசரம் எதற்கு? பிறப்பைப் பதிந்துவிட்டால், ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். இதைப் பதிவு அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தால்தான் என்ன? பெற்றோருக்குத் தெரியாததால்தானே இந்த ஆலோசகர்கள் பிழைக்கிறார்கள்!

பொருள் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். வேதாகமப் பெயர்தான் வேண்டுமென்றால் அன்னாள் இருக்கிறது, கிருபை என்று பொருள். பணம் கொடுக்குமுன் அந்த ஆலோசகரிடம் எந்த அதிகாரம், எந்த வசனம் என்று கேளுங்கள்.