தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: உப்புத்தாள் வேண்டாம்

துருவைத் தேய்த்தெடுத்து, புதிதாகக் கருநீலம் ஏற்றி, ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மூன்றையும் செய்யாதீர்கள்.

குழலில் அலையலையாகத் தெரிவதாக நீங்கள் சொன்னது டமாஸ்கஸ் வேலைப்பாடு. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்தது. உப்புத்தாள் பட்டால் அந்த அழகு போய்விடும். நிறமேற்றும் சூடான காரக் கரைசலோ குழல்களை இணைக்கும் ஈயப்பற்றையே அரித்துவிடும். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும்.

குழலில் உள்ள 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டு போடக் கூடாது) என்ற முத்திரை நல்ல தடயம். 1875 முதல் 1887 வரை இங்கிலாந்தில் சோதித்த குழல்களில்தான் அது இருக்கும். அது கருமருந்து என்ற, அழுத்தம் குறைந்த பழைய வெடிமருந்தின் காலம். இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கையே போகலாம்.

அப்புறம், தாத்தா காலமாகிவிட்டதால் முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படையுங்கள்; பிறகு வாரிசாக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வியாபாரியிடம் குழலைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாக ஒலித்தால் பற்று விட்டிருக்கிறது.