சோற்றை விட்டும் எடை ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 78 கிலோ. மூன்று மாதமாக இரவில் சோறு சாப்பிடுவதே இல்லை; நான்கு சப்பாத்தியும் குருமாவும்தான். காலையில் இட்லிக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி. உருளைக்கிழங்கைத் தொடுவதே கிடையாது. ஆனாலும் எடை அப்படியே நிற்கிறது. சிறுதானியத்துக்கு மாறினால் குறையுமா?
– வாசகி, திருச்சி

பதில்: பிடித்த சோற்றை மூன்று மாதம் ஒதுக்கி வைத்தும் பலன் இல்லை என்றால் மனசு சோர்ந்துதான் போகும். உங்கள் உறுதியில் குறை இல்லை. ஒரு மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு இன்னொன்றை வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். அரிசி, கோதுமை மாவு, தினை, சாமை எதுவானாலும் சமைப்பதற்கு முன் 100 கிராமில் ஏறக்குறைய 330 முதல் 360 கலோரி இருக்கும். ஓட்ஸில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் நான்குக்கு 120 கிராம், அதாவது 400 கலோரி. சுடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அதிலேயே 160 கலோரி சேரும். தேங்காய் அரைத்து ஊற்றிய குருமா தனி. இரண்டு கப் சோறும் 400 கலோரிதான். முன்பு அந்த அளவுதான் சாப்பிட்டீர்கள் என்றால், இப்போது கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

சிறுதானியம் நல்லதுதான். தீட்டாததாகக் கிடைத்தால் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி வரும் சாமையில் அந்தப் பலன் பாதி போய்விடுகிறது. அதையும் மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் பத்தரை மணிக்கே வயிறு கேட்கும். உங்கள் ஓட்ஸ் கஞ்சியும் அப்படித்தான். அதைவிட, தேங்காய்ச் சட்னியைக் குறைத்து, காய் போட்ட சாம்பாரோடு மூன்று இட்லி சாப்பிடுவது எவ்வளவோ மேல். சோறுதான் வேண்டுமென்றால் கைக்குத்தல் அரிசியோ புழுங்கல் அரிசியோ வாங்குங்கள்.

அப்புறம், சமைத்த பிறகு அளக்காதீர்கள். சமைப்பதற்கு முன்பே தராசில் நிறுத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு உங்களுக்கு 50 கிராம் அரிசி போதும். வெந்தால் ஒரு கப் சோறு வரும். இல்லையென்றால் எண்ணெய் விடாத சப்பாத்தி இரண்டு. வெறுமனே இதோடு நிறுத்தினால் பசியில் தவித்துப்போவீர்கள். அதனால் தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும். கூடவே கொண்டைக்கடலை, பாசிப்பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று. தண்ணியாக வைத்த சாம்பாரில் இருக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியத்திலிருந்து வரும் கலோரி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. குவித்து வைத்த சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலுமாகச் சாப்பிட்டால் இது நடக்காது.

பாவம், உருளைக்கிழங்கை வீணாகத் தண்டித்துவிட்டீர்கள். வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 80 கலோரிதான். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் முதலிடம் பிடித்தது அதுதான். எண்ணெயில் வறுத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல். கிழங்கு சமைக்கும் நாளில் சோற்றைப் பாதியாக்கிவிடுங்கள். விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா செய்வீர்களானால் அதைத்தான் குறைக்க வேண்டும். அது மரவள்ளியிலிருந்து எடுத்த வெறும் மாவுச்சத்து.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.