"ஸ்டாண்ட்பை" சொன்னால் கிளாஸ் சி-க்குள் போகலாமா?

கிளாஸ் சி (ஓரளவு நெரிசலான விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி) எல்லையில் நீங்கள் வானொலியில் அழைத்தபோது கட்டுப்பாட்டாளர் "ஸ்டாண்ட்பை" (காத்திருங்கள்) என்றதால் வெளியிலேயே சுற்றியதாக எழுதியிருந்தீர்கள். அவர் உங்கள் விமானத்தின் பதிவெண்ணைச் சொல்லி அப்படிச் சொல்லியிருந்தால் உள்ளே போயிருக்கலாம். உங்கள் சின்ன செஸ்னா விமானத்தில் எல்லைக்கு வெளியே வட்டமடித்துக் காத்திருக்கத் தேவையே இல்லை. அமெரிக்க விதிப்படி கிளாஸ் சி வான்வெளிக்குத் தனி அனுமதி வேண்டாம், இருவழி வானொலித் தொடர்பு ஏற்பட்டால் போதும். கட்டுப்பாட்டாளர் உங்கள் பதிவெண்ணைச் சொல்லிப் பதில் தந்தாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு. பதிவெண் இல்லாமல் "கூப்பிடும் விமானம், ஸ்டாண்ட்பை" என்றால் மட்டும் வெளியிலேயே இருக்க வேண்டும்.

"சின்ன விமானம் என்றால் இளக்காரம்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் கட்டுப்பாட்டாளர் பக்கத்து வான்பகுதியைக் கவனிக்கும் பிரிவோடு தொலைபேசி இணைப்பில் பேசிக்கொண்டிருந்திருப்பார். அது உங்கள் ஹெட்செட்டில் கேட்காது. அலைவரிசை நெரிசலாக இருந்தால் முதல் அழைப்பில் முழுக் கதையையும் கொட்டாமல், பதிவெண்ணையும் கோரிக்கை இருப்பதையும் மட்டும் சொல்லிப் பாருங்கள்.

விமானக் கட்டுப்பாட்டு வானொலி உரையாடல்களைத் தரும் லைவ்ஏடிசி தளத்தில் அந்த நேரத்து ஒலிப்பதிவு இருந்தால் கேளுங்கள், பதிவெண் சொன்னாரா என்பது தெரிந்துவிடும். பழைய பதிவுகள் நீக்கப்பட்டுவிடும், சீக்கிரம் தேடுங்கள்.

ஒன்று: கிளாஸ் பி-க்கு (மிக நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளி) இது செல்லாது. அங்கே நுழைய அனுமதி என்று தெளிவாகக் காதில் விழ வேண்டும். அப்புறம், கிளாஸ் சி-யிலும் பதிவெண்ணோடு "வெளியே இருங்கள்" என்றால் வெளியேதான்.