கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: மாங்காய் சீசன் முடிந்ததும் மண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கோவா கிளம்புகிறோம். அங்கே கப்பலில் பக்காரா என்று ஒரு சீட்டாட்டமாம். நம்ம மங்காத்தா மாதிரிதான் என்கிறான் நண்பன். 'டை'யில் வைத்தால் ஒன்றுக்கு எட்டு கிடைக்குமாமே?
– பெயர் வேண்டாம், சந்தூர்

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. மங்காத்தாவைப் போலவே இதிலும் மூளைக்கு வேலை இல்லை; எந்தப் பக்கம் வைப்பது என்பதோடு உங்கள் பங்கு முடிந்தது. பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம். பேங்கர் என்றால் கேசினோக்காரன் என்று நினைக்காதீர்கள், அது வெறும் பெயர். பக்கத்துக்கு இரண்டு சீட்டு. பத்தும் படச்சீட்டும் பூஜ்யம், ஏஸ் ஒன்று. கூட்டினால் வருவதில் கடைசி இலக்கம் மட்டும் எடுபடும்: ஏழும் எட்டும் சேர்ந்தால் ஐந்து. ஒன்பதை நெருங்கிய பக்கம் ஜெயம்; இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அதுதான் 'டை'. மூன்றாவது சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பதும் விதிப்படிதான், யாரும் யோசிப்பதில்லை.

எட்டுக் கட்டு சீட்டில் பேங்கர் ஜெயிப்பது 45.86 சதவீதம், பிளேயர் 44.62, டை 9.52. பேங்கருக்குக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் பிளேயரின் மூன்றாவது சீட்டு விழுந்த பிறகுதான் அந்தப் பக்கத்தின் முறை. அதைச் சரிக்கட்டத்தான் பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். (கமிஷனைப் பற்றி மண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா!) கமிஷனையும் கணக்கில் சேர்த்தால், 100 ரூபாய்க்குச் சராசரி நட்டம் பேங்கரில் 1.06 ரூபாய், பிளேயரில் 1.24. 'கமிஷன் இல்லை' என்று எழுதிய மேசையில் பேங்கர் ஆறில் ஜெயித்தால் பாதிப் பணம்தான் தருவார்கள்; நட்டம் 1.46 ஆகிவிடும்.

இப்போது உங்கள் டை. ஆயிரம் சுற்றில் ஏறத்தாழ 95 தடவை வரும். சுற்றுக்கு 100 ரூபாய் வைத்தால் வரவு 76,000, பறிபோவது 90,500. அந்தக் கட்டத்தின் பக்கமே போகாதீர்கள். மணிக்கு 60 சுற்று, சுற்றுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பேங்கரில் சராசரியாக 318 ரூபாய் போகும். டையில் 4,308.

போகும் ராத்திரிக்கு இவ்வளவு என்று ரொக்கமாக எடுத்துக்கொண்டு, ஏடிஎம் கார்டை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். மண்டிப் பணம் வேண்டாம். விவசாயிக்குப் பட்டுவாடா பாக்கி இருக்கும்.

கேள்வி: ஆறு தடவை தொடர்ந்து பேங்கர் வந்தால் அடுத்தது பிளேயர்தானே? தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்தால் பணம் திரும்பிவிடாதா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: 416 சீட்டில் முப்பதோ நாற்பதோ போனதால் மிச்சத்தின் கணக்கு அசைந்துவிடாது. ஏழாவது சுற்றிலும் பேங்கர்தான் துளி முன்னே. முந்தைய முடிவுகளைக் காட்டும் பலகையை வைத்திருப்பதே கேசினோக்காரர்தான். அது நமக்கு உதவும் என்றால் வைப்பாரா?

500-ல் தொடங்கி இரட்டித்தால், ஏழு தோல்வியில் 63,500 காலி. எட்டாவதற்கு 64,000 வேண்டும், அதுவும் 500 ரூபாய் லாபத்துக்கு! அதற்குள் மேசையின் உச்சவரம்பு வந்து கையைப் பிடித்துவிடும்.

கேள்வி: போனிலேயே பக்காரா ஆடலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: கூடாதம்மா. 2023-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025-ல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஜெயித்த பணத்தை வெளிநாட்டுக் கம்பெனி தராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?