'செட்' (set) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு 400க்கும் மேற்பட்ட பொருள்களா?

இத்தனை பொருள்கள் எப்படி வந்தன, அவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் வேண்டாம். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் நானும் அகராதியில் 'செட்'டுக்கு முதலில் கண்ட பொருளை நம்பி, "மருத்துவர் எலும்பை வைத்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். பிழை திருத்தியவர் ஓரத்தில் "எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். விலகிய எலும்பைச் சேர்த்துப் பொருத்தினார் என்பதுதான் மூலத்தில் இருந்தது.

எண்ணிக்கை உண்மைதான். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த வினைக்கு 430க்கும் மேற்பட்ட பொருள்கள். அந்தப் பதிவு மட்டும் சுமார் 60,000 சொற்கள். பின்னர் நடந்த திருத்த வேலையில் 'ரன்' 645 பொருள்களோடு இதை முந்திவிட்டது.

வேர் என்னவோ எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார்வது, 'செட்டன்' என்றால் உட்காரச் செய்வது. நம் இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் தன்வினை, பிறவினைதான்: அமர், அமர்த்து. ஆங்கிலத்தில் இப்படிப் புதிதாகப் பிறவினை ஆக்கும் வழக்கம் என்றோ போய்விட்டது. மிச்சம் மட்டும் அங்கங்கே கிடக்கிறது. 'லை', 'லே' என்பவை கிட, கிடத்து. 'ஃபால்', 'ஃபெல்' என்பவை விழு, வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இந்த 'ஃபெல்'தான். எனக்கு மிகவும் பிடித்தது 'ட்ரிங்க்', 'ட்ரெஞ்ச்' ஜோடி. 'ட்ரெஞ்ச்' என்றால் இன்று தொப்பலாக நனைப்பது. ஆனால் மாட்டின் வாயைப் பிடித்து மருந்தைப் புகட்டுவதற்குக் கால்நடை மருத்துவத்தில் இன்றும் அதே சொல்தான். குடிக்கச் செய்வது என்ற பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது.

'உரிய இடத்தில் உட்காரவை' என்று பிடித்துக்கொண்டால் 'செட்' பெரும்பாலும் வசப்பட்டுவிடும். மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம், கூட்டத்துக்கு நாள் குறிக்கிறோம், அச்செழுத்தைக் கோக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம். தமிழுக்கு நான்கு வினைகள் தேவைப்படும் இடத்தில் ஆங்கிலம் ஒன்றை வைத்தே சமாளிக்கிறது.

சூரியன் மறைவதையும் ஆங்கிலம் 'செட்' என்பதுதான் இடிக்கும். அதை யாரும் உட்காரவைப்பதில்லையே! இடைக்கால ஆங்கிலத்திலேயே 'சிட்'டும் 'செட்'டும் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கிவிட்டன; அதனால் தானே அமர்வது என்ற பொருளும் 'செட்'டில் கலந்துவிட்டது. அடைகாக்கும் கோழியை இன்றும் 'சிட்டிங்' என்பாரும் உண்டு, 'செட்டிங்' என்பாரும் உண்டு.

'செட் அப்', 'செட் இன்', 'செட் அவுட்' போன்ற கூட்டு வினைகளைத் தனிச் சொற்களாகவே படித்துவிடுங்கள். அவற்றில் தர்க்கம் தேடி நான் வீணாக்கிய நேரம் போதும்.

தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லான 'செட்' வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாக இருந்ததால் வினையின் சாயலும் பிற்பாடு அதில் ஏறிக்கொண்டது.