கர்ப்பிணியின் கண்ணீரும் வீட்டாரின் கணக்கும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கடன் முற்றி வீடே நிலைகுலைந்தது. பிரசவம் வரை நான் அழாத நாளில்லை. மகனுக்கு இப்போது இரண்டரை வயது. நாலைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. "வயித்துல வெச்சுக்கிட்டு அழுதா இப்படித்தான், அபிமன்யு கதை தெரியாதா" என்கிறார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. நான் அழுததுதான் காரணமா? எந்த மாதத்துக் கவலை அதிகம் பாதிக்கும்? அடுத்த முறை என்ன இசை கேட்கலாம்?

வாசகி, பல்லடம் வட்டம்

அன்புள்ள அம்மணிக்கு,

சென்ற வாரம் காங்கேயம் பக்கம் ஒரு கட்டுச்சோற்று விருந்துக்குப் போயிருந்தேன். வளையல் அடுக்கிய கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அந்தக் கர்ப்பிணியிடம், வந்தவர்கள் எல்லாரும் "சந்தோசமா இருக்கோணும், கவலப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அவள் கவலைப்படாமல் இருக்கத் தாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதில் நாலைந்து சொற்களே பேசும் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று யாரிடமாவது காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் கண்ணீரை விசாரிக்கும் வீட்டில் அது யாருக்கும் தோன்றவில்லை. இசையையும் மாதக் கணக்கையும் விட்டுவிடுங்கள்.

தாயின் மன அழுத்தம் குழந்தையைத் தொடவே தொடாது என்று உங்களைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன். அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடுகிறது. நெருக்கடி கடுமையாகி நீளும்போது அந்தக் காவல் தளரலாம். ஆனால் 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மிகுந்த பதற்றத்தில் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம்கூட, உணர்வு, நடத்தைச் சிக்கல்கள் மற்றப் பிள்ளைகளிடம் கண்ட ஏறக்குறைய 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகவே உயர்ந்தன. நூற்றில் மீதி 90 பேர் அந்தச் சிக்கல்கள் இல்லாமலே வளர்ந்தார்கள்.

இன்னொன்றை உங்கள் வீட்டார் அனைவரும் கேட்க வேண்டும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து, பல வீடுகள் வாரக்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. அப்போது கருவுற்றிருந்த பெண்களின் பிள்ளைகளை ஆய்வாளர் சுசான் கிங்கின் குழுவினர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஐந்தரை வயதில் அப்பிள்ளைகளின் மொழித்திறனிலும் அறிவுத்திறனிலும் தெரிந்த வேறுபாடு, தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதோடு பொருந்தவில்லை. மின்சாரமின்றி எத்தனை நாள் தவித்தாள் என்பது போன்ற புறத் துன்பங்களோடுதான் பொருந்தியது. அவளுடைய மனத்தைக் குற்றம் சொல்ல அங்கே இடமில்லை, அம்மணி. அவளைச் சுற்றி நடந்ததுதான் கணக்கில் வந்தது. அபிமன்யு கதையிலும் சுபத்திரை தூங்கிவிட்டாள் என்றே பழி சொல்கிறோம். கர்ப்பிணியிடம் போர் வியூகத்தை விவரித்தவரை யாரும் கேட்பதில்லை. உங்கள் கணவர் ஒன்றும் சொல்வதில்லை என்று அவருக்காகப் பரிந்து எழுதுகிறீர்கள். அவர் சொல்லியிருக்க வேண்டும்.

1974இல் சோமனூரில் என் தங்கையை அம்மா சுமந்தபோது, அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு இரண்டு தறிகளையும் இழந்திருந்தார். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வந்து மூன்று மாதம் தங்கினார். அந்தி சாய்ந்ததும் அம்மாவின் வீங்கிய பாதங்களை மடியில் எடுத்து வைத்து, விளக்கெண்ணெயைச் சூடுகாட்டித் தேய்ப்பார். அப்பா நிலைப்படியில் நின்று கடன் பேச்சைத் தொடங்கினால், தலையைத் திருப்பாமலே, "மாப்பிள்ளைங்க, அந்தப் பேச்ச திண்ணைல வெச்சுக்கலாமுங்க" என்பார். ஒருநாள் கடன் கொடுத்தவர் வீட்டுக்குத் தானே நடந்து போய், பிள்ளை பிறக்கும்வரை வாசலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுவிட்டும் வந்தார். அழாதே என்று அம்மாவிடம் அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமையே பையனை அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காதைப் பரிசோதியுங்கள். பேச்சுப் பயிற்சி தேவையா என்றும் கேளுங்கள். தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டுக் கணவரும் வரட்டும். மாமியாரையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும்.