19 லிட்டரா, 30 லிட்டரா? பெரிய அட்வென்ச்சர் பைக் எடுக்கப் போகிறவர்களுக்குப் பதில்கள்

பெங்களூரு தமிழ் ரைடர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் போதுமா, இல்லை ஜிஎஸ் அட்வென்ச்சர்தான் எடுக்க வேண்டுமா? முதலில் கம்பெனி தரும் கணக்கு. ஜிஎஸ்: 19 லிட்டர் டேங்க், பெட்ரோலோடு 237 கிலோ, சீட் உயரம் 850 மி.மீ. அட்வென்ச்சர்: 30 லிட்டர், 269 கிலோ, சீட் 870 அல்லது 890 மி.மீ. கீழே "சின்னது", "பெரியது" என்று வருவதெல்லாம் இந்த இரண்டும்தான்.

மாரத்தஹள்ளியிலிருந்து: அண்ணா, எஞ்சின் ரெண்டுலயும் ஒண்ணுதானே? டேங்க் மட்டும்தான் பெருசுன்னா, பெரியதை எடுத்துட்டு பாதி டேங்க் போட்டு ஓட்டினா சின்னது மாதிரி ஆகிடாதா?

ஆகாது. எஞ்சின் ஒன்றுதான், 145 குதிரைத்திறன், 149 நியூட்டன் மீட்டர், இரண்டுக்கும் அதேதான். ஆனால் எடை வித்தியாசம் 32 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆக, கூடுதலாக நிற்கும் 11 லிட்டரின் எடை 8 கிலோதான். மிச்சம் 24 கிலோ டேங்க் கூடு, எஞ்சினைச் சுற்றிய கம்பிகள், பின்பக்க ரேக், காற்றைத் தடுக்கும் பெரிய முன்கண்ணாடி, சீட் என்று பைக்கிலேயே இருக்கிறது. டேங்க் காலியானாலும் அது இறங்காது.

நகரத்துக்குள் அரை டேங்க் போட்டு ஓட்டுவது நல்ல பழக்கம்தான். டேங்க் வண்டியின் உச்சியில் இருக்கிறது. அங்கே 11 கிலோ குறைந்தால் யூ-டர்னில் கை உடனே உணரும். அதற்காகப் பெரியது சின்னதாகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிவதெல்லாம் 0 முதல் 10 கி.மீ. வரைதான். அதனால் எங்கே ஓட்டப் போகிறோம் என்பதைவிட, தினமும் எங்கே நிறுத்தப் போகிறோம், எங்கே திருப்பப் போகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள்.

பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து: என் உயரம் 5 அடி 6 அங்குலம். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பார்க்கிங். பெரியது கஷ்டமா?

உயரத்தை விடுங்கள், கால் அளவை எடுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடையிடுக்கில் நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். ரைடிங் பூட் சுமார் 3 செ.மீ. கூட்டித் தரும். ஆனால் சீட்டின் அகலம் அதைத் தின்றுவிடும்: தொடை அகலமாக விரிந்தால் கால் நேராகக் கீழே இறங்காது. அட்வென்ச்சரில் சீட்டும் டேங்கும் முழங்கால் பக்கம் அகலம் என்பதால், அதே உயரத்துக்குக்கூட கால் கொஞ்சம் குறைவாகத்தான் எட்டும்.

கால் அளவு 78 செ.மீ.க்குக் கீழே என்றால் என் பதில் சின்னதுதான். அதையும் தாழ்ந்த சீட்டோடு, அல்லது வேகம் குறையும்போது தானாக 30 மி.மீ. இறங்கும் சஸ்பென்ஷனோடு கேளுங்கள். 84-க்கு மேல் என்றால் பெரியது உங்களைப் பயமுறுத்தாது. நடுவில் இருப்பவர்கள் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேஸ்மென்ட் ராம்ப்தான் நிஜமான தேர்வு. மழைநாளில் ஈரமான ராம்ப்பில் ஏறி வருகிறீர்கள், மேலே வளைவில் கேட் மூடியிருக்கிறது, நின்றே ஆக வேண்டும். ராம்ப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், தாழ்வான பக்கத்தில் தரை மூன்று நான்கு அங்குலம் கீழே போய்விடும். அந்தப் பக்கம் கால் வைத்தால் வண்டி சாய ஆரம்பிக்கும். 15 டிகிரி தாண்டிவிட்டால் 269 கிலோவை யாராலும் பிடிக்க முடியாது. எனவே நிற்பதற்கு முன்பே எடையை மேட்டுப் பக்கம் மாற்றி, மேட்டுப் பக்கக் காலை ஊன்றுங்கள். மற்ற கால் பிரேக்கிலோ ஃபுட்பெக்கிலோ இருக்கட்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். திரும்பிய ஹேண்டிலோடு முன் பிரேக்கைப் பிடித்தால் அந்த நொடியே வண்டி படுத்துவிடும்.

பார்க்கிங்கில் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் பின்னால் தள்ளி எடுக்க முடியாது. எப்போதும் பின்பக்கத்தைப் பள்ளத்தில் விட்டு, மூக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டு வைத்தால்தான் சைடு ஸ்டாண்ட் மடங்காது.

அல்சூரிலிருந்து: கன்னியாகுமரி வரை நிற்காமல் போக 30 லிட்டர் வேண்டாமா?

வேண்டாம். என்.எச். 44-ல் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று வழியெல்லாம் பங்க். சின்னது லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால், 4 லிட்டரை ரிசர்வாக விட்டு 300 கி.மீ. தாராளமாக ஓடும். பெரியது 19 கொடுத்தால் அதே கணக்கில் 490 கி.மீ. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி 650 கி.மீ.க்கு மேல். சின்னதில் இரண்டு தடவை, பெரியதில் ஒரு தடவை நிரப்ப வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்காமல் உடம்பு தாங்காது. மைசூரு பக்கம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான்.

ராமமூர்த்தி நகரிலிருந்து: அப்போ லடாக்?

மணாலி–லே பாதையில் தாந்தி பங்க் வாசலில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதிய பலகை பிரபலம். லே-க்குக் கொஞ்சம் முன்னால் காருவிலேயே பங்க் இருக்கிறது என்றாலும், 300-க்கு மேல் பாக்கி இருக்கிறது. கணவாய்களில் முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது மைலேஜ் 17-க்கு இறங்கலாம். 19 லிட்டரில் 323 கி.மீ. அதாவது நூலிழையில். பெரியதில் இந்தக் கவலையே இல்லை.

ஆனால் ஆண்டுக்கு ஒரு வாரத்துக்காக, மிச்சம் 51 வாரமும் 24 கிலோவைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. 5 லிட்டர் உலோக ஜெர்ரி கேன் ஒன்றைப் பின் ரேக்கில், கூடுமானவரை முன்தள்ளிக் கட்டினால் சின்னதற்குக் கூடுதலாக 85 கி.மீ. கிடைக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்கில் ஊற்ற மாட்டார்கள், ஊற்றவும் கூடாது. கேனை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் காலி விடுங்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து உள்ளே ஆவி பெருகும். முதல் 100 கி.மீ. ஓடியதும் அதை டேங்கில் ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு போங்கள்.

மடிவாளாவிலிருந்து: மனைவியோடு நீண்ட பயணம், மூன்று பெட்டி. பெரியதுதானே அதிகம் தாங்கும்?

இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். சின்னதின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 465 கிலோ. வண்டியைக் கழித்தால் 228. பெரியதுக்கு 485 கிலோ, கழித்தால் 216. பார்வைக்கு லாரி மாதிரி நிற்கும் பெரியதுதான் 12 கிலோ குறைவாகத் தாங்குகிறது.

உங்கள் கணக்கைப் போடுங்கள். நீங்கள் 80, மனைவி 62. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட் சேர்த்து 16. மூன்று அலுமினியப் பெட்டி வெறுமையாகவே, மாட்டும் ஃபிரேமோடு 18 கிலோ ஆகும். இதுவரை 176. பெரியதில் மிச்சம் 40, சின்னதில் 52. சின்னதுக்கு எஞ்சின் கம்பி, அடிப்பலகை எல்லாம் கூட்டி மாட்டினால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கப் பெட்டிக்குப் பெரும்பாலும் 10 கிலோ, மேல் பெட்டிக்கு 5 கிலோ வரம்பு. உங்கள் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். டூல்ஸ், தண்ணீர், பூட்டு எல்லாம் பக்கப் பெட்டியின் அடியில் போகட்டும். மேல் பெட்டி பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குவதால், அங்கே வைக்கும் கனம் முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். 100-ஐத் தாண்டியதும் ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பிக்கும். மேலே ரெயின்கோட்டும் துணியும் போதும்.

பின்னால் உட்காருகிறவரின் வசதியில் பெரியது நிச்சயம் மேல். சீட் அகலம், காற்று அவர்மேல் மோதுவது குறைவு. வருஷத்தில் பல தடவை இருவராக 500 கி.மீ. போகிறவர்கள் என்றால், பெரியதை வாங்க இது ஒன்றே போதுமான காரணம். டேங்க்கூட அவ்வளவு பெரிய காரணமில்லை.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: சில்க் போர்டு டிராஃபிக்கில் தினமும் ஆபீஸ் போகலாமா?

பெட்டிகளைக் கழற்றிவிட்டு, சின்னதில் போகலாம். பக்கப் பெட்டி மாட்டினால் பின்பக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு அகலமாகிவிடும். ஹேண்டில் நுழைந்த இடைவெளியில் பெட்டி நுழையாது. ஆட்டோவின் பம்பரில் மாட்டி இழுக்கும்.

விவேக் நகரிலிருந்து: ஈ20 பெட்ரோல்னால பெரிய டேங்க்ல பிரச்சினை வருமா?

மைலேஜ் கொஞ்சம் குறையும். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6–7 சதவீதம். ஆக்டேன் பற்றிக் கவலை வேண்டாம், 95 கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். 30 லிட்டரை நிரப்பிவிட்டு மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஓட்டாமல் விட்டால், ஈரம் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியலாம். ஸ்டார்ட் ஆகத் தடுமாறும், பம்ப் கெடும். மூன்று வாரத்தில் ஓட்டித் தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள்.

ஓசூரிலிருந்து: கீழே விழுந்தா தனியா தூக்க முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. பலத்தைவிட முறைதான் முக்கியம். முதலில் கில் சுவிட்ச், அப்புறம் சாவி ஆஃப். பெட்டிகளைக் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வையுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டை நிமிர்த்திய பிறகுதான் விரிக்க முடியும். முதல் கியரில் இருந்தால் உருளாது.

ஹேண்டிலை விழுந்த பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில் பிடியில், மறு கை பின்பக்கக் கம்பியில். இடுப்பை சீட்டில் முட்டுக் கொடுத்து, முதுகு நிமிர்ந்தபடி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். காலால்தான் தள்ள வேண்டும், கையால் இழுத்தால் முதுகு போய்விடும். பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி முழுசாகப் படுக்காது, அது ஒரு பெரிய உதவி. சரளையில் கால் வழுக்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள்.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து: பழைய 1250 அட்வென்ச்சர் பார்க்கிறேன். எதைச் செக் பண்ணணும்?

அதன் எடை 268 கிலோ, சீட் 890/910 மி.மீ. 1300-ஐவிட உயரம், அதனால் கால் அளவை முதலில் பாருங்கள். அடுத்தது டிரைவ் ஷாஃப்ட், அதாவது செயினுக்குப் பதிலாகப் பின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. பின் சக்கரப் பக்கம் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் ஜாயின்ட் துருப்பிடிக்கும். ஷாஃப்ட் பரிசோதித்த, மாற்றிய பதிவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள்; 60,000 கி.மீ. நெருங்கிய வண்டி என்றால் இதை விடவே கூடாது. 20,000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வு பார்த்த பதிவும் வேண்டும். எஞ்சினைச் சுற்றிய கம்பிகளின் அடிப்பாகத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை. அவை மாட்டிய இடத்தில் ஃபிரேம் பெயின்ட் வெடித்திருந்தால் வாங்காதீர்கள். ரிம் விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். பள்ளத்தில் அடி வாங்கியிருந்தால் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

பானஸ்வாடியிலிருந்து: ஓசூரில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமே?

ஓசூரில் உண்மையாக வசித்தால் மட்டும். வண்டி கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி இங்கே எண் மாற்ற வேண்டும். விலையைப் பொறுத்தவரை, 350 சிசிக்கு மேல் 2025 செப்டம்பர் முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பழைய வீடியோக்களில் சொல்லும் ஆன்ரோடு விலையை நம்பிக் கடன் கேட்காதீர்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: இவ்வளவு காசு இல்ல ப்ரோ. நீண்ட தூரம் ஓடணும், அவ்வளவுதான்.

அப்போது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ ஓட்டிப் பாருங்கள். 17 லிட்டர் டேங்க், 196 கிலோ. லிட்டருக்கு 28 கொடுத்தாலே 470 கி.மீ. வருகிறது. தூரத்தைத் தருவது டேங்க் மட்டுமில்லை, மைலேஜும்தான். நாலு வழிச்சாலையில் 120-ல் இருவராகப் பாயும் வேலைக்கு மட்டும் அது மூச்சு வாங்கும்.

ஜெயநகரிலிருந்து: டெஸ்ட் ரைடில் என்ன பார்க்கணும்?

ஷோரூமில் டேங்கில் இரண்டு லிட்டர்தான் இருக்கும். பெரியதை முழு டேங்க்கோடு கேளுங்கள், பெட்ரோல் காசை நீங்களே கொடுத்தாலும் சரி. பின்னால் ஆளை உட்கார வைத்து, 20 அடி ரோட்டில் கால் ஊன்றாமல் யூ-டர்ன் எடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று பத்தடி பின்னால் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் தனியாக ஏற்றுங்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக் காற்றில் போகிறவர்கள் என்றால் பெரிய கண்ணாடியும் பெட்டிகளும் மாட்டிய வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் அதன் குணமே வேறு. இவற்றில் எதையாவது செய்யும்போது வாய்விட்டு "யாராவது பிடிங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தால், சின்னதை புக் பண்ணுங்கள்.